செபாஸ்தியம்மாள் அத்தையின் வலது காது

எங்கள் அத்தை செபாஸ்தியம்மாள் ஒரு பூட்டைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லமாட்டார். நல்லாம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மாங்காய் வடிவப் பூட்டைப் பாகம் பாகமாகக் கோத்து முடித்ததும், அதை வலது காதோரம் வைத்துச் சாவியைத் திருப்புவார். உள்ளே லீவர் தகடு விழும் சத்தம் கேட்டால்தான் அது பட்டறைக்குப் போகும். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் உலை கொதித்ததும், நான் பி.எஸ்சி. முடித்ததும் அந்தச் சத்தத்தால்தான்.

காதில் குடைச்சல் எடுத்தால், பல் வெட்டாத மொட்டைச் சாவி ஒன்றால் குடைந்துகொள்வார். பூட்டு வேலை நடக்கிற வீடுகளில் பலருக்கும் உள்ள பழக்கம்தான்.

2003இல் நான் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன். ஒரு காலை, முடித்துவைத்த பூட்டுகளை அத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுலயும் லீவர் விழ மாட்டேங்குதுடி. தகடு சரியில்ல."

ஒன்றை வாங்கித் திருப்பினேன். தெளிவாக விழுந்தது.

"பூட்டு நல்லாத்தானே இருக்கு அத்தே?"

அத்தையின் கை நின்றது. "அப்ப காதுதான் போச்சா? இதை விட்டா எனக்கு வேற என்ன வேலைடி தெரியும்?"

பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் பூண்டெண்ணெய் காய்ச்சிக் கரண்டியோடு வந்துவிட்டார். "ஊருக்கெல்லாம் பூட்டு செஞ்சது போதாதுன்னு காதுக்கும் போட்டுக்கிட்டீகளாக்கும்! சாஞ்சு படுங்க மதினி, சூட்டோட ஊத்துறேன்."

கரண்டியில் ஆவி பறந்தது. "வேணாம் சித்தி" என்று கையைக் குறுக்கே நீட்டினேன். செவிப்பறையைப் படமாக வரைந்து மதிப்பெண் வாங்கியவள் நான். அடைத்த காதுக்கு என்ன செய்வதென்று மட்டும் தெரியாது.

"டாக்டர்ட்ட காட்டிட்டு ஊத்துவோம்."

"படிச்ச புள்ள சொல்லுது. போங்க, போங்க" என்று கண்ணம்மாள் உதட்டைச் சுழித்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "எதை வச்சும்மா குடைவீங்க?"

அத்தை சுருக்குப்பையிலிருந்து மொட்டைச் சாவியை எடுத்து நீட்டினார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"குடைஞ்சு குடைஞ்சு அழுக்கை உள்ள தள்ளி இறுக்கி வச்சிருக்கீங்க. சவ்வுல ஓட்டை இல்ல, சீழும் இல்ல. அதனால வீட்லயே பாத்துக்கலாம். சூடு பண்ணாத தேங்காயெண்ணெய் காலையிலயும் சாயங்காலமும் ரெண்டு சொட்டு விட்டு, செத்த நேரம் ஒருக்களிச்சுப் படுங்க. வேற எதையும் உள்ள விடக் கூடாது. வலிச்சா, சீழ் வந்தா நிறுத்திட்டு உடனே வாங்க. ஒரு வாரத்துல சரியாகலேன்னா நானே எடுத்துவிடுறேன்."

அத்தை என் மடியில் தலைவைத்துப் படுத்தது அப்போதுதான் முதல் தடவை. எண்ணெய் விடும்போதெல்லாம், இவருக்கு நான் செய்திருப்பது என்ன என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். சில நாட்கள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அத்தை சாவியைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஒரு காலை, தலையணையில் பழுப்பாகக் கறை இருந்தது. "அத்தே, எந்திரிங்க!" என்று அந்த நாட்களின் பழக்கத்தில் உரக்கக் கூப்பிட்டேன்.

"ஏன்டி இந்தக் கத்து கத்துற? தெருவே எந்திரிச்சிரும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம்கூடக் கழுவாமல் பூட்டு ஒன்றை எடுத்து வலது காதில் வைத்துத் திருப்பினார்.

"விழுதுடி!"

அத்தை சிலுவை போட்டு மாதாவுக்கு நன்றி சொன்னார். நான் மனதுக்குள் அந்தக் காதுக்குச் சொன்னேன்.

அந்த மொட்டைச் சாவிக்கும் அன்றே பல் வெட்டி, ஒரு பூட்டோடு சேர்த்துப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார். எந்த ஊரில், யார் வீட்டைத் திறந்துகொண்டிருக்கிறதோ.