சிவப்புக் காரை யாரிடம் விடுவது?

மெக்கானிக் ஷெட்டில் முன்மேசையில் உட்காருகிறவர்களுக்கு வண்டியைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் சமாளித்துவிடலாம். வண்டிக்காரரின் முகத்தைப் படிக்கத் தெரியாவிட்டால் ஒரு நாள் கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. நீங்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் என்றால் இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்காது.

என் தம்பி ஏழுமலை சென்னையில் ஒரு கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பன்னிரண்டு வருடம் ஸ்போர்ட்ஸ் கார் என்ஜின்களோடு வாழ்ந்தவன். அதே கம்பெனியின் வரவேற்பு மேசையில் நான் எட்டு வருடம். இருவரும் வேலையை விட்டுவிட்டுத் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில் சொந்தமாக ஷெட் போட்டோம். ஒன்றரை வருடம் ஆகியும் வந்ததெல்லாம் மீன் வண்டி, கால் டாக்ஸி, பள்ளிக்கூட வேன். பழைய கம்பெனியோ ஏழுமலையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. தீபாவளிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கெடு வேறு. அவன் போய்விட்டால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றாவது நிலையாக வரட்டும், இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். அந்த நேரத்தில்தான் பிரவீன் வந்தார்.

வண்டியில்லாமல் வந்தவர்

வந்தது ஸ்கூட்டரில். சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை, செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிவப்பு ரெண்டு சீட்டர் ஸ்போர்ட்ஸ் கார், கம்பெனி வாரண்டி முடிந்துவிட்டது, நம்பிக்கையான ஆள் தேடுகிறேன் என்றார். சரி சார், வண்டி எங்கே என்றேன். வீட்டில் இருக்கிறதாம். தரையைப் பார்த்தார், ஸ்பேனர் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தார், ஏழுமலையின் நகத்தைக் கூடப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்கள் கூட இவ்வளவு பார்ப்பதில்லை.

கடைசியில் பாத்ரூம் எங்கே என்று கேட்டார். போனார், அரை நிமிடத்தில் திரும்பிவிட்டார். அந்த வேகத்தைப் பார்த்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தண்ணீர் வரவில்லையா சார் என்று கேட்டேன்.

"தண்ணி வருது மேடம். நான் சும்மா பாக்கத்தான் போனேன். பாத்ரூம சுத்தமா வச்சிருக்கிறவங்க கழட்டின போல்ட்ட தொலைக்க மாட்டாங்கன்னு எனக்கு ஒரு நம்பிக்கை."

சான்றிதழ்

அடுத்த வாரம் காரோடு வந்தார். ஷெட் வாசலில் சாக்கடை மேல் ஒரு சிமெண்டுச் சரிவு இருக்கிறது. மீன் வண்டிக்கு அது ஒரு மேடே இல்லை. சிவப்புக் காரின் வயிறோ தரையிலிருந்து ஒரு சாண் கூட இல்லை. ஏழுமலை பலகைகளை அடுக்கி, காரை மூலைவாட்டமாக ஏற்றச் சொல்லி, தரையில் குப்புறப் படுத்து அடியைப் பார்த்தபடியே உள்ளே கொண்டுவந்தான். அதற்கே கால் மணி நேரம்.

கடப்பாக்கத்திலிருந்து மீன் ஏற்றிவரும் தணிகாசலம் தன் வண்டிக்கு கிளட்ச் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார். "இன்னா அண்ணாத்த, இம்மாங் காசு போட்டு வாங்கினு ஒரு மேடு ஏற மாட்டேங்குதே!" என்று பிரவீனிடமே கேட்டுவிட்டார். பிரவீன் கோபப்படவில்லை. அவரை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய், இந்த ஷெட் எப்படி, நம்பலாமா என்று குசுகுசுவென்று விசாரித்தார். தணிகாசலத்துக்குக் குசுகுசு வராது. பதில் ரோடு வரைக்கும் கேட்டது.

"ஒன்ற வருசமா என் வண்டி மீன் நாத்தத்துல படுத்து வேல செஞ்சுகினு கீறாரு, ஒரு வாட்டி மூஞ்சி சுளிச்சது இல்ல. இதுக்கு மேல இன்னா சர்ட்டிபிகேட்டு வோணும் உனுக்கு?"

பச்சைப் புள்ளி

முதல் ஆயில் சர்வீஸ். கழற்றிய பழைய சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். பெரும்பாலானவர்கள் திறந்துகூடப் பார்க்காமல் வழியில் எறிந்துவிடுவார்கள். பிரவீன் என் மேசை மேலேயே பெட்டியைப் பிரித்து, பழைய ஆயில் ஃபில்டரை உருட்டி உருட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் கை நின்றது, முகம் மலர்ந்தது. எட்டு வருடம் கவுண்டரில் இருந்தவளுக்குத் தெரியாதா? பச்சைப் பேனாவில் புள்ளி வைத்து அனுப்பியிருக்கிறார், மாற்றினோமா இல்லையா என்று பார்க்க. எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வருத்தமும்தான்.

"ரெண்டு இடத்துல வச்சேன் மேடம், ஏசி ஃபில்டர்லயும் ஒண்ணு. அது பெட்டியில இல்லையே?" என்றார். முகம் மறுபடி சுருங்கியது. ஏழுமலை கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"அது வண்டிலயே கீது சார், உங்க புள்ளியோட. இன்னும் ஒரு வருசம் ஓடும். நல்லா கீற சாமான எதுக்கு கழட்டிப் போடணும்?"

இரண்டு கையெழுத்து

பிரவீனின் அப்பா அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். அணுமின் நிலையத்தில் வேலை, ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். மகனின் காரை எந்த மாதிரி இடத்தில் விடுகிறான் என்று பார்க்க ஒரு நாள் வந்தார். ஏழுமலை வீல் போல்ட்டுகளை முறுக்கியதும், இதைச் சரிபார்த்தது யார் என்று கேட்டார். நான்தான் சார் என்றான் இவன். செய்தவரே சரிபார்த்தால் அது சரிபார்த்ததாகாது, இரண்டு பேர், இரண்டு கையெழுத்து என்றார் அவர். ஷெட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர் என்று நான் சொன்னேன். அப்புறம் என்ன, போதுமே என்றார்.

அப்படித்தான், நாற்பத்தோரு வயதில், டார்க் ரெஞ்சு எனக்கு வந்து சேர்ந்தது. எவ்வளவு இறுக்கம் என்று குறித்து வைத்துவிட்டு முறுக்கினால், அந்த அளவு வந்ததும் ‘டக்’ என்று சொல்லும் முறுக்கி அது. ஒவ்வொரு போல்ட்டிலும் அந்த ‘டக்’ கேட்டபிறகு கையெழுத்துப் போட்டேன். முதல் நாள் புடவை முந்தானையெல்லாம் கிரீஸ். அவர் என்னைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"கையெழுத்து கோட்டுக்கு வெளிய போயிருக்கு பாரும்மா. இன்னொரு தாள் எடுத்துக்க."

சந்தனம்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சிவப்புக் காருக்கு பிரேக் பேட் மாற்றி முடித்தோம். இரண்டு கையெழுத்தும் கோட்டுக்குள்ளேயே இருந்தன. மறுநாள் காலை ஸ்பேனர், ஜாக்கி, கம்ப்ரஸர், நின்றிருந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தோம். மதியம் பிரவீன் வந்து காரை எடுத்துப்போனார். அரை மணி நேரத்தில் திருப்போரூரிலிருந்து போன். பிரேக் உதவி வேலை செய்யவில்லை என்று திரையில் மஞ்சள் விளக்கு எரிகிறதாம். நேற்றுத்தான் பிரேக்கில் கை வைத்திருக்கிறோம்! ஏழுமலைக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ, இவன் சென்னைக்குப் பெட்டி கட்டுவது கண் முன்னால் தெரிந்தது.

ஸ்கேனரை எடுத்துக்கொண்டு பைக்கில் ஓடினோம். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, முன்பக்க சென்சாரை ஏதோ மறைக்கிறது என்றது ஸ்கேனர். முன்னால் போகும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து பிரேக்குக்குச் சொல்கிற சென்சார் அது. பம்பருக்கு நடுவில் ஒரு கறுப்புத் தகடு மாதிரி இருக்கும். பொட்டு வைப்பதற்கென்றே செய்த இடம் போல இருக்கும். அங்கேதான் ஏழுமலை பக்தியோடு கட்டை விரல் கனத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தான். பன்னிரண்டு வருட அனுபவசாலி! பூஜை நேரத்தில் சென்சார் ஞாபகம் யாருக்கு வரும்?

பிரவீன் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். சென்சாரைச் சரி செய்துவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், துணியை எடுத்து நீட்டியது நான்தான். ஏழுமலை வாங்கினான், துடைக்கவில்லை. "சார், இங்க வந்து பாருங்க. தப்பு எங்க மேலதான். நான்தான் சாமிக்கு வச்சேன்" என்று கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் துடைத்தான். காரை அணைத்துத் திரும்ப எடுத்ததும் விளக்கு போய்விட்டது. பிரவீன் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கதவைத் திறந்தபடி ஒன்று சொன்னார். நம் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

"நான் யோசிச்சு சொல்றேன் மேடம்."

யோசித்துச் சொன்னது

பத்து நாள் போன் இல்லை. நானாகக் கூப்பிடவும் வெட்கம். மறைக்கத் துணியை நீட்டியது நான், நஷ்டமோ உண்மையைச் சொன்ன தம்பிக்கு என்று நினைத்து நினைத்துக் குமைந்தேன். பதினோராம் நாள் காலை, கம்பெனிக்கு வருகிறேன் என்று சொல்லிவிடப் போகிறேன்க்கா என்றான் ஏழுமலை. சரி என்றேன்.

அவன் போனை எடுப்பதற்குள் சிவப்புக் கார் வாசலில் நின்றது. பலகை போட ஓடினான். பிரவீன் இறங்கிவந்து இரண்டு சாவியையும், ஸ்பேர் உட்பட, என் மேசையில் வைத்தார். ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் வெளிநாடு போகிறாராம், அதுவரை கார் எங்கள் ஷெட்டில்தான் இருக்க வேண்டுமாம். வாரத்துக்கு ஒருமுறை கடற்கரை ரோட்டில் ஓட்டிவிட்டு, உப்புக் காற்று படிந்ததைக் கழுவி மூடி வைக்கச் சொன்னார். கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்று ஏழுமலை என் காதில் சொன்னான். அப்படியானால் பத்து நாள் ஏன் சார் பேசவே இல்லை என்று கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நீங்க தொடச்சிட்டு, சென்சார் போயிடுச்சு, மாத்திட்டோம்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன் மேடம். இவ்ளோ செக் பண்ணியும் நம்பியிருப்பேன். அத நினைச்சு எனக்கே பயமாயிடுச்சு. இனிமே வேற யார்கிட்டயும் போற தைரியம் எனக்கு இல்ல."

சரியாகச் செய்த வேலையையெல்லாம் சந்தேகப்பட்ட மனிதர் தப்பாகச் செய்த ஒன்றைப் பார்த்து எங்களை நம்பிவிட்டார் என்பதை எந்த போர்டில் எழுதி வாசலில் மாட்டுவது என்றுதான் எனக்கும் என் தம்பிக்கும் இன்னும் புரியவில்லை.