வரவில்லை என்று எழுதிய ஒன்பது பெயர்கள்

கல்வராயன் மலைக்கு நான் முதன்முதலாகப் போனது அருவி பார்க்க அல்ல. எண்பத்தேழு செப்டம்பரில், மலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சோதனை வைக்க அனுப்பப்பட்டேன். அதன்பிறகு போன மாதம்தான் மறுபடியும் போய்வந்தேன். பேருந்து, நேரம், செலவு எல்லாம் கடைசியில் எழுதியிருக்கிறேன், அவசரக்காரர்கள் நேராக அங்கே போய்விடலாம். முதல் பயணத்தைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் ஆய்வு உதவியாளர் வேலை. எங்கள் பேராசிரியர் புதிய கற்பித்தல் முறை ஒன்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். தினமும் ஒரு மணி நேரம், மூன்றாம் வகுப்பு நாலாம் வகுப்பு என்று பார்க்காமல், எழுத்து மட்டும் தெரிந்தவர்கள் ஒரு கூட்டம், சொல் படிப்பவர்கள் ஒரு கூட்டம், வரி படிப்பவர்கள் ஒரு கூட்டம் என்று பிரித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஜூனில் ஒரு சோதனை, செப்டம்பரில் ஒரு சோதனை. ஓராசிரியர் பள்ளியில் ஒரே ஆளால் இதைச் சமாளிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. முடியாமல் பிள்ளைகள் பின்தங்கியிருந்தால் அந்தப் பள்ளிக்கு இரண்டாவது ஆசிரியர் ஒருவரைப் போட மேலிடம் ஒப்புக்கொண்டிருந்தது. இது பள்ளிகளுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் வேண்டுமென்றே குறைத்துக் காட்டுவார்கள் என்று பேராசிரியர் எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் போராட்டம் சூடேறியிருந்த மாதம் அது. மறுநாள் காலையிலிருந்து ஒரு வாரம், மரங்களை வெட்டிப் போட்டுச் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். மற்ற பள்ளிகளில் சோதனை முடிந்துவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி, தேதியும் முன்பே பள்ளிக்கு எழுதியாகிவிட்டது. "இன்றைக்கே போய் இன்றைக்கே திரும்பிவிடு" என்றார் பேராசிரியர். அவர் வீட்டில் இருந்துகொண்டுதான் சொன்னார்.

விழுப்புரத்தில் காலை ஐந்தரைக்குப் பேருந்து ஏறினேன். பாதி இருக்கை காலி. யாரும் யாரோடும் பேசவில்லை. தியாகதுருகம் தாண்டி ஓரிடத்தில் வண்டியின் வேகம் குறைந்தது. சாலையோரப் புளியமரங்களின் அடியில் நாலைந்து பேர் நின்று கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேருந்துக்குக்கூடக் காத்திருந்திருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அதுபோல எனக்கு அவர்கள் கையில் எல்லாம் கோடாலி இருப்பதாகத் தோன்றியது. சோதனைத் தாள்கள் இருந்த துணிப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சியில் எட்டேகாலுக்கு இறங்கினேன். அங்கிருந்து வடக்கனந்தலுக்கு ஒன்றேகால் ரூபாய் டிக்கெட். மலைக்குப் போக ஜீப்தான், ஆளுக்கு ஐந்து ரூபாய். ஓட்டுநர் சுலைமான் பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் டின்களுக்கு நடுவில் எனக்கு ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

"ரிட்டனு மூணு மணிக்குங்க மேடம். அதுக்கு மேல ஒரு நிமிசம் நிக்க மாட்டேன். இன்னிக்கே மரத்த சாய்ச்சுடுவாங்கன்னு பேசிக்கினு இருக்காங்க. மேல மாட்டிக்கினா ஒரு வாரம் ஆவும், பத்து நாளும் ஆவும்."

மலைப்பாதை முழுவதும் அவர் சொன்ன பத்து நாளையே நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை வளைவு, என்ன மரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெள்ளிமலைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பாக இறக்கிவிட்டார். அங்கிருந்து பத்து நிமிட நடையில், ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறைதான் பள்ளி.

ஆசிரியர் மாணிக்கம் தியாகதுருகத்துக்காரர். ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவரே. என்னைக் கண்டதும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மூன்று, நாலாம் வகுப்பில் மொத்தம் இருபத்தோரு பேர், பட்டியலில் இருந்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். ஜூன் சோதனைக்கு வந்தது வேறோர் உதவியாளர் என்பதால் எனக்கு முகம் எதுவும் தெரியாது. பெயரைக் கூப்பிட்டு, ஒவ்வொருவராக வாசிக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டே போனேன்.

செல்வி என்ற பெயருக்கு எதிரில், ஜூனில் "நாலு எழுத்து மட்டும் தெரிகிறது" என்று இருந்தது. வந்த பெண் முழுப் பத்தியையும் மூச்சு விடாமல் படித்தாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. முறை வேலை செய்கிறது, இந்த மலையில், ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு! கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி வேண்டாமா? எனக்கு இல்லை.

தாகமாக இருந்தது. "கண்ணு, கொஞ்சம் தண்ணி எடுத்தா" என்று அவளிடம் சொன்னேன். அவள் எழுந்து நின்று அறையைச் சுற்றும்முற்றும் பார்த்தாள். பானை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்வரிசையில் ஒரு பையன் சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். மாணிக்கம் சாரின் முகம் சாம்பல் பூத்துப்போனது.

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து அவரே சொன்னார். "ஒம்போது பேரு கீழூரு ஸ்கூலு பசங்க மேடம். இன்ஸ்பெக்சன்னா எல்லாரும் பண்றதுதாங்க. அவுங்களுக்கு ஆபீசர் வந்தா நம்ம பசங்க போவும், நமக்கு வந்தா அவுங்க பசங்க வரும். தலையெண்ணிக்கை சரியா இருக்கணும் இல்லீங்களா."

"இது இன்ஸ்பெக்சன் இல்லீங்க சார்."

"எனக்கு இன்னா தெரியும் மேடம்? பேப்பரோட ஒருத்தர் வந்தாவே பயம்தான். படிக்கலன்னு எழுதிக்கினு போனீங்கன்னா ஸ்கூல இழுத்து மூடிடுவாங்க. கீழூருக்கு ஆறு கிலோமீட்டரு. காட்டுல எந்தப் புள்ள நடந்து போவும்?"

நிஜமான ஒன்பது பேரும் எங்கே என்று கேட்டேன். எழுத்துக் கூட்டத்திலிருந்து நகராதவர்கள் அவர்கள். இன்றைக்கு வராதீர்கள் என்று அவரே சொல்லி அனுப்பியிருந்தார். சாமைக் கொல்லையில் குருவி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். போய்வர ஒன்றரை மணி நேரமாகும். என் கடிகாரத்தில் இரண்டு பத்து.

"நீங்க தங்கிடுங்க மேடம். பக்கத்து வூட்டு அம்மா நல்லவங்க, அவுங்க கூடப் படுத்துக்கலாம். காலைல ஒம்போது பேரையும் நானே இட்டாந்து நிறுத்தறேன். என் தலையெழுத்து, உள்ளத உள்ளபடி எழுதிக்கோங்க."

உள்ளதை உள்ளபடி எழுதினால் அவருக்கு இன்னோர் ஆசிரியர் கிடைப்பார். அவர் எதற்குப் பயந்தாரோ அதுவே அவரைக் காப்பாற்றியிருக்கும். இதை அறிந்தவள் அந்த மலையில் நான் ஒருத்தி. வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்ற உத்தரவு பாதிக் காரணம். சொன்னால் தங்க வேண்டியிருக்குமே என்பது மீதிப் பாதி. பத்து நாள் தெரியாத மலையில், செய்தி அனுப்ப வழியில்லாமல், வீட்டில் அம்மா என்ன நினைப்பாளோ என்று மனம் அடித்துக்கொண்டது. எனக்குத் தங்கப் பயம் என்பதே உண்மை.

இரவல் பிள்ளைகளின் ஒன்பது தாள்களையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். பட்டியலில் அந்த ஒன்பது பெயர்களுக்கு எதிரிலும் "வரவில்லை" என்று எழுதினேன். பொய் எழுதவில்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே சாலையில் நின்றேன்.

மலையடிவாரத்தில் பயந்தது நடந்தது. நாலரை மணி, நல்ல வெளிச்சம். ஒரு புளியமரம் பாதி வெட்டுப்பட்டு நின்றது. கிளைகளைச் சாலையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். பதினைந்து இருபது பேர். சுலைமான் பாய் எஞ்சினை நிறுத்திவிட்டு, "பேசாம உக்காருங்க" என்றார். ஒருவர் என் பக்கம் வந்து குனிந்தார்.

"பையில இன்னாம்மா?"

"பரீட்சை பேப்பருங்க. மலை ஸ்கூலு."

"பசங்க நல்லா படிக்குதுங்களா?"

"நல்லா படிக்கிறாங்க."

"படிக்கட்டும். அதுக்குத்தான் நாங்க இங்க நின்னுக்கினு இருக்கோம்" என்றவர், மற்றவர்களைக் கூப்பிட்டு ஒரு கிளையை இழுத்து ஜீப் போகும் அளவுக்கு வழி விட்டார். என்னை ஒருவரும் ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை. ஆனாலும் கள்ளக்குறிச்சி வரும்வரை பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பேராசிரியர் அட்டவணை போட்டார். எங்கள் மலைப் பள்ளி முதலிடத்தில் இருந்தது. வராத பிள்ளைகளைச் சராசரியில் சேர்ப்பதில்லை, விட்டுவிடுவதுதான் வழக்கம் என்றார். படிக்கத் தெரிந்த பன்னிரண்டு பேர் மட்டும் கணக்கில் நின்றால் பள்ளி முதலில் வராமல் என்ன செய்யும்? "ஒன்பது பேர் ஏனம்மா வரவில்லை?" என்று கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு ஒரு நொடிதான் பிடித்தது. "மறியல் பயம் சார்" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். இரண்டாவது ஆசிரியர் வேறொரு பள்ளிக்குப் போனார். மாணிக்கம் சாரைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று வாயடைத்ததாக வெகுகாலம் எனக்கே சொல்லிவந்தேன். நான் ஓடிவந்தது தெரிந்துவிடும் என்பதுதான் முதல் பயம்.

இனி வழி. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு இப்போது பேருந்து இருக்கிறது. நான் போனது காலை ஏழு நாற்பது வண்டி, டிக்கெட் நாற்பத்திரண்டு ரூபாய், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. வாந்தி வருபவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். திரும்பும் வண்டி நேரத்தை இறங்கியவுடனே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். பள்ளிகளில் ஆய்வு செய்யப் போகிறவர்கள் ஓர் இரவு தங்கும்படி துணி எடுத்துப் போங்கள். எதற்காகச் சோதிக்கிறீர்கள் என்பதை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். வந்த பிள்ளைகளைச் சோதிப்பது எளிது, வராதவர்களின் வீட்டுக்கு நடக்க வேண்டும்.

அந்தப் பள்ளிக்கு இப்போது புதுக் கட்டடம். பூட்டியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை. மாலையில் வெள்ளிமலை நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றேன். பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள், நாற்பத்தைந்து வயதிருக்கலாம், தலையில் தேன் டப்பாவும் கையில் பையும். ஒரு வண்டி வந்து நின்றது. நெற்றியில் ஊர்ப்பெயர் பெரிதாக எரிந்துகொண்டிருந்தது.

"யக்கா, இது எங்க போவுதுன்னு கொஞ்சம் பாத்து சொல்லுங்க" என்றாள்.

கள்ளக்குறிச்சி என்று படித்துச் சொன்னேன். இருவரும் ஏறினோம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. கீழே இறங்கும்வரை மழையைப் பற்றிப் பேசினாள், தேன் விலையைப் பற்றிப் பேசினாள். எந்த ஊர், என்ன பெயர் என்று இரண்டு மணி நேரமும் நான் கேட்கவில்லை. பயமாக இருந்தது.