தொண்ணூறு சதவீதச் சட்டை

இதை எழுதவே சோம்பலாக இருந்தது. ஆனாலும் பழிவாங்கிய கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மார்பில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் டிசைனர் சட்டை ஒன்றை, நெட்டில் எடுத்த பேட்டர்னை, அதாவது துணி வெட்டுவதற்கான காகித அச்சை, வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்க்கும் தையல் கடையின் மாஸ்டர், கஸ்டமர்கள் முன்னால், "எட்டாவது ஃபெயிலுக்கு வந்த வாழ்வைப் பாருங்க" என்று சிரித்தார். மறுவாரம் அவரே அந்தப் பேட்டர்னைக் கேட்டார்.

"தாராளமா வச்சுக்கங்க மாஸ்டர்" என்றேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் தொண்ணூறு சதவீத அளவுக்குச் சுருக்கி பிரின்ட் எடுத்தேன். பிரின்ட் சரியான அளவில் வந்திருக்கிறதா என்று பார்க்க ஓரத்தில் போட்டிருக்கும் கட்டத்தை வெட்டி எறிந்துவிட்டு, தாள்களை ஒட்டிக் கொடுத்தேன். அவரும் நம்பி, யாரோ கொடுத்திருந்த பச்சை சாட்டின் துணியை வெட்டிவிட்டார்.

சாயங்காலம் நண்பனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அந்தப் பச்சைத் துணி என்னோடதுடா."