கேன்டீன் கரப்பானும் வீட்டுக் கரப்பானும்

ஒரகடத்தில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. லைனில் வரும் பீஸைக் கேஜ் என்ற அளவுக் கருவியில் வைத்துப் பார்த்து, தேறியது ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டும். பள்ளிக்கூடம் பத்தாவதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் படித்ததெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்த பாடப்புத்தகங்கள்தான். வரிசை கிரமமெல்லாம் கிடையாது. பன்னிரண்டாவது உயிரியல் கைக்குக் கிடைத்த வருடம் உயிரியல், இயற்பியல் கிடைத்த வருடம் இயற்பியல்.

இது போக, கேன்டீன் கமிட்டியிலும் என்னைப் போட்டிருந்தார்கள். சாம்பாரில் உப்பு குறைந்தால் சமையல்காரரை விட்டுவிட்டு என்னைத்தான் பிடிப்பார்கள்.

கேன்டீனில் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு கரப்பான் மருந்து அடிக்க வந்தவர் சுங்குவார்சத்திரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். கான்ட்ராக்ட் ஆள். கரப்பானைப் பற்றி அவர் பேசினால் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும். "முன்னல்லாம் டேங்க பார்த்தாலே ஓடும்மா. இப்ப மருந்து அடிக்க சொல்லோ மீசைய ஆட்டிக்கினு நிக்குது. இன்னாபா, சாப்ட்டியான்னு கேக்கறாப்ல கீது." இந்த மாதிரிப் பேச்சை நான் விடுவதில்லை. செக் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன்.

போன வருடம் கரப்பான் மிகவும் பெருகிப் போய், ஒரு நாள் தயிர்ப் பாத்திரத்திலேயே ஒன்று கிடந்தது. அடுத்த வாரம் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வருவதாக இருந்தார்கள். மருந்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால், "அதுங்களுக்கு மருந்து பழகிடுச்சும்மா" என்றார்.

கேன்டீன் மேனேஜர் திருநெல்வேலிப் பக்கம். அவருக்கு இது பிடிக்கவில்லை. "பழகுறதுக்கு அது என்ன நாய்க்குட்டியா? மருந்துல பாதி தண்ணிய ஊத்திட்டு, கரப்பான் மேல பழியப் போடுதாரு."

எங்கள் கம்பெனியில் எது கெட்டாலும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். ஏன் கெட்டது, அது ஏன், அது ஏன் என்று ஐந்து முறை கேட்டு, ஐந்தாவது ஏனில் மூலகாரணம் எழுத வேண்டும். நல்ல முறைதான். ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் எங்கள் கையில் ஐந்தாவது ஏன் ஓர் ஆளின் தலையில் போய் உட்காரும். போல்ட் கழன்றதா, ஆபரேட்டர் அலட்சியம். பெயின்ட் உரிந்ததா, ஆபரேட்டர் அலட்சியம். கரப்பானுக்கும் அப்படியே ஆயிற்று: மருந்து அடிப்பவர் சரியான அளவில் கலக்கவில்லை. கமிட்டியில் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன்.

அந்தத் தாள் சனிக்கிழமை மேலே போகும். போனால் அவருடைய கேட் பாஸ் ரத்து. கேட் பாஸ் ரத்தான ஆளை அவருடைய கான்ட்ராக்டர் வேறு எந்தக் கம்பெனிக்கும் அனுப்பமாட்டார். மருந்தில் தண்ணீர் கலந்தவர் என்ற பேரோடு இந்த ரோட்டில் வேறு கான்ட்ராக்டரிடமும் போய் நிற்க முடியாது. இதெல்லாம் தெரிந்துதான் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அரைகுறைப் படிப்புதான் காரணம். மருந்து பட்டுப் பட்டு ஒரு கரப்பான் பழகுவதும் இல்லை, அந்தப் பழக்கத்தைத் தன் குஞ்சுக்குக் கொடுப்பதும் இல்லை என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதனால் "பழகிடுச்சு" என்று அவர் சொன்னதும், சரி, இது சாக்கு என்று முடிவு கட்டிவிட்டேன். அடுத்த பக்கத்தில் இருந்தது அப்போது நினைவுக்கு வரவில்லை. ஆயிரம் கரப்பானில் பத்து பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கும் உடம்போடு இருக்கலாம். மற்றவை செத்துப்போனால் அந்தப் பத்துதான் குஞ்சு பொரிக்கும், குஞ்சுகளும் தாங்கும். ஒரு கரப்பானும் மாறுவதில்லை, கூட்டம் மாறிவிடுகிறது. அவர் கண்ணால் பார்த்துச் சொன்னது உண்மையாக இருக்கலாம். அதற்கு அவர் சொன்ன காரணம்தான் தப்பு. நான் காரணத்தைக் குறை கண்டு, பார்த்ததையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன்.

மறுநாள் கேஜ் ஒன்று வரிசையாக எல்லாப் பீஸையும் தள்ளியது. வழக்கப்படி மாஸ்டர் பீஸை எடுத்து வைத்தேன். மாஸ்டர் என்பது அளவு சரி என்று ஏற்கெனவே தெரிந்த பீஸ். அதையும் கேஜ் தள்ளினால் குறை பீஸில் இல்லை, கேஜில். தினமும் ஓர் இரும்புத் துண்டுக்குச் செய்கிற இந்த மரியாதையை நேற்று ஒரு மனிதருக்குச் செய்யவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. நேராகக் கேன்டீன் மேனேஜரிடம் போய், தாளைத் திங்கட்கிழமை வரை நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

"எதுக்கு?"

"மருந்து பாக்காத கரப்பானுக்கு இந்த மருந்த அடிச்சுப் பாக்கலாம் சார்."

"மருந்து பாக்காத கரப்பானுக்கு எங்கம்மா போவ?"

"எங்க வூட்டுக்கு."

சேரப்பணஞ்சேரியில் நான் இருக்கும் வாடகை வீட்டில் கரப்பானுக்கு மருந்து என்றால் செருப்புதான். கேஸ் அடுப்புக்குப் பின்னால் கேன்டீனில் இருக்கும் அதே சின்னப் பழுப்புக் கரப்பான்கள். ஒரு பாட்டிலின் கழுத்தில் உள்பக்கமாகத் தேங்காயெண்ணெய் தடவி, வாழைப்பழத் தோல் போட்டு வைத்தேன். காலையில் பத்துக்கு மேல் விழுந்து கிடந்தன. கேட்டில் பையைத் திறக்கச் சொன்ன செக்யூரிட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, இங்க இருக்கறது பத்தலையா?" என்றார்.

தரப் பிரிவு இன்ஜினியர் பெண்ணைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். கேன்டீனிலிருந்து பத்து, எங்கள் வீட்டிலிருந்து பத்து, தனித்தனி ஜாடியில். எது எந்த ஊர்க் கரப்பான் என்று எண்ணிப் பார்க்கப்போகும் எனக்கும் மேனேஜருக்கும் தெரியக் கூடாது என்று அந்தப் பெண் மூடியில் நம்பர் மட்டும் ஒட்டினாள். மருந்துக்காரர் டேங்கில் இருந்த மருந்திலேயே காகிதத் துண்டை நனைத்து இரண்டு ஜாடியிலும் போட்டோம். டீ நேரத்துக்கு ஒரு ஜாடியில் பத்தும் மல்லாந்திருந்தன. மற்றதில் மூன்று மட்டும். மீதி ஏழும் சுற்றி வந்துகொண்டிருந்தன. நம்பரைப் பிரித்துப் பார்த்தால் செத்தவை எங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மேனேஜர் விடவில்லை.

"உங்க வீட்டுக் கரப்பான் நோஞ்சான்மா. பாதி தண்ணி கலந்த மருந்துலயே செத்திருக்கும். கேன்டீன் கரப்பானுக்கு முழு மருந்து போட்டிருந்தா அதுவும் செத்திருக்கும்லா? தண்ணி கலக்கலன்னு இதுல எங்க இருக்கு?"

அவரைப் பிடிக்காவிட்டாலும் அந்தக் கேள்வியைப் பிடித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் சொன்னது சரி. என் சோதனையில் ஓட்டை இருந்தது.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த மருந்துக்காரர் வாயைத் திறந்தார். "ஸ்டோர்ல சீல் ஒடைக்காத டப்பா கீது சார். நீங்களே ஒடைங்க, நீங்களே கலங்க. நான் அந்தாண்ட போய் நின்னுக்கறேன். கிட்டவே வர்ல."

இன்ஜினியர் பெண் டப்பாவில் போட்டிருந்த அளவைப் படித்தாள். மேனேஜரே அளவு ஜாடியில் ஊற்றிக் கலக்கினார். மருந்துக்காரர் சொன்னபடியே வாசலுக்கு வெளியே போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கேன்டீனில் புதிதாகப் பத்து பிடித்துப் போட்டோம். வீட்டிலிருந்து கொண்டுவந்ததில் மிஞ்சியவற்றையும் பக்கத்து ஜாடியில் போட்டோம். சாப்பாட்டு நேரம் முடிந்து வந்து பார்த்தபோது வீட்டு ஜாடியில் ஒன்றுகூட நகரவில்லை. கேன்டீன் ஜாடியில் ஆறு நடந்துகொண்டிருந்தன.

மேனேஜர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். "நானே கலக்குனது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "சரி, தண்ணி இல்ல. அப்ப நெசமாவே பழகிட்டா?"

பழகவில்லை சார் என்று ஆரம்பித்து, தேறுவது தேறாதது என்று கேஜை வைத்து விளக்கினேன். தேறிய பீஸ் குட்டி போட்டால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். அது புரிகிறது என்றார். மனிதனும் இந்த வழியில் வந்தவன்தான், குரங்கும் நாமும் ஒரே பழைய பாட்டன் வழிப் பங்காளிகள் என்றதும் நிமிர்ந்தார்.

"கரப்பானுக்குச் சொல்லு, ஒத்துக்கிடுதேன். பத்து பத்தா எண்ணிக் காட்டிட்ட. மனுசனுக்கு ஜாடி எங்க வச்சிருக்க?"

ஜாடி இல்லை, எலும்பு இருக்கிறது, பாறை இருக்கிறது, உடம்புக்குள்ளேயே எழுதியிருக்கிறது என்றேன். இருக்கட்டும், வேலையைப் பார் என்று சொல்லிவிட்டார். ஆதாரம் கேட்டாரே, அதுவே அந்த வாரத்துக்குப் போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பழைய தாளை அவரே கிழித்தார். புதுத் தாளில் ஐந்தாவது ஏன் என்ற இடத்தில், "மூன்று வருடமாக ஒரே மருந்து" என்று எழுதினோம். பொறுப்பாளர் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது. அந்த மருந்தையே தொடரலாம் என்று வருடா வருடம் ஒப்புதல் கொடுத்தது யார் என்று பார்த்தால், கேன்டீன் கமிட்டி. அதையே எழுதினோம். அடுத்த வாரம் மருந்துக்காரர் வேறு வகை மருந்தோடு வந்தார். இது தெளிப்பதல்ல, மூலையில் பசையாகப் பொட்டு வைப்பது. கேட் பாஸ் கழுத்தில் தொங்கியது.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் அடுப்புக்கு அடியில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணா, முதல்ல எழுதுன தாள்ல நானும் கையெழுத்து போட்டிருந்தேன்."

அவர் திரும்பவில்லை. "தெரியும்மா. மேனேஜரு என்னாண்ட காட்னாரு. அஞ்சு கையெழுத்துல உன்னுது ஒண்ணுதான் படிக்கறாப்ல இருந்துச்சு."

அவர் அடுத்த மூலைக்கு நகர்ந்தார். டார்ச்சைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன்.