அடுக்களையில் மூன்று தரை

டங், டங், டங் என்று காலையிலிருந்து அடுக்களைக்குள் ஒரே தாளத்தில் கேட்டுக்கொண்டிருந்த உளிச் சத்தம் சட்டென்று மாறியது. தொம்!

முன்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த அளவு அண்ணனின் கை அப்படியே நின்றது. முப்பது வருடம் மழைநீர் இறைக்கும் நிலையத்தில் மோட்டார் ஓட்டியவர். சத்தம் மாறினால் உள்ளே என்னவோ மாறிவிட்டது என்று அவர் காதுக்குத் தெரியும்.

"இங்க போடுங்கண்ணே" என்று எதிரே இருந்த பேராசிரியை விரலால் காட்டினார். நெற்றியை இன்னொரு கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம் அவர். உள்ளே வரும்போது வழக்கம்போல நிலைப்படியின் மேல்கட்டையில் முட்டிக்கொண்டிருந்தார்.

"பதினாலு தடவை வந்துட்டேன். ஒரு தடவையாவது முட்டாம வந்திருக்கேனா?"

"எங்க வீட்டுக்குள்ள யாரு வந்தாலும் தலை குனிஞ்சுதான் வரணும் மேடம்" என்றார் அளவு அண்ணன். அவர் பல வருடமாகச் சொல்லிவரும் ஜோக் அது. அடுக்களை வாசலில் நின்ற மனைவி, "ஆமா, பெரிய அரண்மனை" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். ஆனாலும் அவள் முகம் பூரித்துப்போயிருந்தது. பூரிக்காதா பின்னே? மேசையில் இருந்தது பல்கலைக்கழகத்தின் நியமனக் கடிதம். தட்பவெப்ப மாற்றத்தைத் தாங்கி நிற்கும் குடியிருப்புகளைப் பற்றிய ஆய்வுக்கு வழிகாட்டும் நிபுணர் குழுவில் ஏற்கெனவே ஏழு ஆலோசகர்கள். ஏழு பேரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். எட்டாவதாக, இரவல் வேட்டி கட்டிப் பள்ளிக்கூடம் போய் எட்டாம் வகுப்போடு நின்ற இந்த மோட்டார்க்காரர்.

எதற்காக? ஒரு நோட்டுக்காக.

இருபத்துமூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மழையில் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறி, மகள் படுத்திருந்த தொட்டிலின் அடியை நனைத்துவிட்டது. பிள்ளையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை மேசைமேல் நின்றவர், தண்ணீர் வடிந்ததும் செய்த முதல் வேலை, ஒரு கட்டையை எடுத்து வெள்ளையடித்து, அங்குலம் அங்குலமாகக் கோடு போட்டதுதான். முன்னறை மூலையில் அதைத் தரையில் ஊன்றி, சுவரில் தண்ணீர் நின்ற ஈரக்கோட்டை அளந்து நோட்டில் எழுதினார். இருபத்துமூன்று அங்குலம். அதிலிருந்து ஒரு வருடம் தவறவில்லை. மழைக்காலம் முழுக்க இறைப்பு நிலையத்திலேயே கிடப்பார். தண்ணீர் வடிந்த மறுநாள் வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன்னால் கட்டையைத்தான் தேடுவார். தெரு அவருக்கு 'அளவு அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டது. "அண்ணே, என் புருஷன் புத்தியையும் கொஞ்சம் அளந்து சொல்லுங்களேன்" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரி கேலி செய்வாள்.

கடைசியாக எழுதிய அளவு பதினைந்து அங்குலம். இருபத்துமூன்று எங்கே, பதினைந்து எங்கே! பேராசிரியையின் மாணவர்கள் அந்த நோட்டைப் படமாகப் போட்டபோது கோடு மேலிருந்து கீழாகப் படி இறங்குவதுபோல இறங்கியது. இந்தத் தெருவில் வெள்ளம் குறைந்துகொண்டே வருகிறது, ஆகவே சாலையை உயர்த்துவதையும் மேட்டில் தங்குமிடம் கட்டுவதையும் இந்தத் தெருவுக்கு விட்டுவிடலாம் என்று குழு முடிவு எழுதியது. நாளைக் காலை பத்து மணிக்குக் கூடி அதை நிறைவேற்ற வேண்டியதுதான் பாக்கி. நோட்டோடு இவரையும் அழைத்திருந்த போன கூட்டத்தில் ஆலோசகர்களில் வயதான பொறியாளர் ஒருவர் மட்டும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "எங்கேர்ந்து அளந்தீங்க?" என்று கேட்டார். "தரையிலேர்ந்து சார்" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி. எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

"ஐயா!" அடுக்களையிலிருந்து கொத்தனாரின் குரல். "கழிவுநீர்க் குழாய் போடணும்னு சொன்னீங்களே, இங்க தரைக்குக் கீழ இன்னொரு தரை இருக்குதே! எத்தனை மாடி கட்டியிருக்கீங்க, கீழ்ப்பக்கமா?"

அளவு அண்ணன் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். போனவர் சிரிப்பு உதட்டிலேயே செத்துப்போனது.

குழிக்குள் சுவரோரமாக வெட்டிய இடம், அடுக்கி வைத்த புத்தகங்களை ஓரத்திலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. மேலே சாம்பல் தரை. அதன் கீழே பூப்போட்ட ஓடு பதித்த தரை. அதற்கும் கீழே, சேறு படிந்து, பழைய சிவப்புத் தரை. கொத்தனார் ஈரத்துணியால் சிவப்புத் தரையைத் துடைத்தார். அதில் ஒரு சின்னஞ்சிறு காலடி. ஐந்து விரலும் தெளிவாக.

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "பாப்பா கால்! சிமெண்ட் காயறதுக்குள்ள ஓடினாளே... நீங்க அடிக்கப் போனீங்களே..."

மகள் நடக்கத் தொடங்கிய வருடம் அது. நோட்டின் முதல் பக்கம் எழுதிய காலத்துத் தரை.

"மேல ரெண்டு தரை யாரு போட்டது?" அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

"என்னங்க கேக்குறீங்க? நான்தான் போட்டேன். தண்ணி வந்து வந்து தரை பெயர்ந்து போச்சு. பன்னெண்டு வருஷம் முன்னாடி ஒண்ணு, அஞ்சு வருஷம் முன்னாடி ஒண்ணு. நீங்க மோட்டாரே கதின்னு அங்க கிடந்தீங்க. வந்து பாத்துட்டு 'நல்லாருக்கே, பளபளன்னு இருக்கே'ன்னீங்க. கதவு தட்டுதுன்னு தச்சர வெச்சு ரெண்டு தடவை அடியில அறுத்தேனே!"

"வீடு பூராவுமா?"

"பின்ன, அடுக்களைக்கு மட்டுமா போடுவாங்க?"

கொத்தனாரிடமிருந்து அளவு நாடாவை வாங்கிக் குழிக்குள் குனிந்தார். சிவப்புத் தரையிலிருந்து ஓட்டுத் தரைக்கு ஐந்து அங்குலம். அங்கிருந்து மேல்தரைக்கு நான்கு. மொத்தம் ஒன்பது.

பதினைந்தும் ஒன்பதும் இருபத்துநான்கு.

தலையில் இடி விழுந்தாற்போல் அப்படியே குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. ஏறியிருக்கிறது! உயர்ந்தது வீட்டுத் தரை. உயர்ந்த தரையில் கட்டையை ஊன்றி, வருடா வருடம் தெருவுக்கே பொய்க்கணக்கு எழுதியிருக்கிறது இந்தக் கை!

அடுத்து மகளின் நினைப்பு வந்தது. போன மாதம்தான் மகள் கைக்குழந்தையோடு இதே தெருவின் கடைசி வீட்டுக்குக் குடி வந்தாள். யாரும் தரையை உயர்த்தாத, இந்தச் சிவப்புத் தரை மட்டத்திலேயே இருக்கும் பழைய வீடு. "அப்பா அளந்து சொன்னா அளந்து சொன்னதுதான்" என்று மாமியாரிடம் வாதாடிவிட்டு வந்தாள். பேரனுக்குத் தொட்டில் கட்டியவர் இவர்தான். பதினைந்து அங்குலத் தண்ணீர் வந்தாலும் ஐந்து அங்குலம் மிச்சம் இருக்கட்டும் என்று, தரையிலிருந்து சரியாக இருபது அங்குலத்தில், தன் கையால்.

இருபத்துநான்கு அங்குலத் தண்ணீரில் இருபது அங்குலத் தொட்டில்.

"என்னங்க, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?" மனைவி பதறினாள். அவர் மெல்லிய குரலில் சொன்னார். அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, எல்லாம் என்னாலதானா? சேறு மிதிக்காம இருக்கலாம்னுதானே..." என்று தேம்பியவள் முன்னறையைத் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று அவர் கையைப் பற்றினாள். "இப்ப சொல்லாதீங்க. கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. பாப்பாவ நாளைக்கே இங்க கூட்டிட்டு வந்துடலாம். தெரு பூரா சொல்லி வெச்சிருக்கேங்க, என் புருஷன் நிபுணர்னு..."

"மத்த வீட்டுத் தொட்டிலெல்லாம்?" என்றார் அவர்.

அவள் கை தானாக விலகியது.

"மேடம்! கொஞ்சம் இங்க வாங்க."

பேராசிரியை வந்து, அளவு அண்ணன் தரையையும் பேரன் தொட்டிலையும் பற்றிச் சொன்னதைக் கேட்டார். முதலில் குழியைப் பார்த்தார், பிறகு காலடியைப் பார்த்தார், பிறகு நாடாவை வாங்கித் தானே மூன்று முறை அளந்தார். மூன்றாவது முறை அளக்கும்போது நாடா அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. பட்டுப் புடவை என்றும் பாராமல் சிமெண்ட் தூசியில் உட்கார்ந்தார்.

"மூணு வருஷ வேலை" என்றார். "ஏழு ஆலோசகருங்க. அஞ்சு பசங்களோட ஆராய்ச்சி. ஒருத்தராவது 'எந்தத் தரை'ன்னு கேட்டோமா?"

"தப்பு என்னோடது மேடம்."

"உங்களோடது மட்டும் இல்ல." அவர் நெற்றியைத் தொட்டுக்கொண்டார். காலையில் முட்டிய இடம் சிவந்து வீங்கியிருந்தது. "பதினாலு தடவை முட்டியிருக்கேன். வாசல் ஏன் இவ்வளவு குள்ளமா இருக்குன்னு ஒரு தடவை யோசிச்சேனா? நீங்க ஜோக் அடிச்சீங்க, நானும் சிரிச்சேன்."

கொத்தனார் உளியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "ஐயா, இதுக்கு மேல உடைக்கட்டுமா, வேண்டாமா?"

"தொடாதீங்க!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பேராசிரியை எழுந்தார். "பொறியாளர் வந்து பாக்கற வரைக்கும் இது இப்படியே இருக்கணும். அடுக்களையை..."

"முன்னறையில அடுப்பு வெச்சுக்கறேன் மேடம்" என்றாள் மனைவி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "என் அடுக்களை போனா போகுது."

முன்னறைக்கு வந்ததும் அளவு அண்ணன் நோட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். பிள்ளையைக் கொடுப்பதுபோல இருந்தது. கையெழுத்து இல்லாத கடிதத்தையும் எடுத்து அதன் மேல் வைத்தார்.

பேராசிரியை நோட்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டார். கடிதத்தை என்ன செய்வது என்று தெரியாதவர்போல ஒரு கணம் பார்த்தார். பிறகு மேசையிலேயே விட்டுவிட்டார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நீங்களும் வரணும்ண்ணே. நான் சொன்னா, கடைசி நேரத்துல மாத்திப் பேசறேம்பாங்க. உங்க வாயால சொல்லணும். எல்லார் முன்னாடியும்."

எல்லார் முன்னாடியும். அந்த ஏழு பேர், அந்த நீள மேசை, அந்தப் பொறியாளரின் கண்ணாடி. "வரேன் மேடம்" என்றார்.

"இன்னைக்கே பேரனோட தொட்டில உயர்த்திக் கட்டுங்க. ரெண்டடி போதாது."

"மேடம், தலை..." என்று மனைவி சொல்லி முடிப்பதற்குள் அவர் குனிந்துவிட்டார். இந்த முறை, ஒரு கையால் மேல்கட்டையைத் தொட்டுக்கொண்டு, முட்டாமல், அந்த வாசலைக் கடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அளவு அண்ணன் அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றார். பிறகு இருமுறை அறுத்துக் குள்ளமாக்கிய அந்தக் கதவைச் சாத்தினார்.