பாஸ்வேர்டு நோட்டு

போன வாரம் ஒரு காலையில், உத்தமபாளையத்திலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் இ-சேவை மையத்துக்குள் நுழைந்து, வரிசையில் நின்றவர்களைத் தாண்டி, செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலத்தை என் மேசையில் வைத்தார். "செல்போன் கடை பாய் குடுத்துவிட்டாக. ஒங்க கையிலதான் குடுக்கணும்னு நாலு தடவ சொன்னாக" என்று சொல்லிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் பெரியகுளம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடிவிட்டார். பிரித்தால் நீல அட்டை போட்ட ஒரு நீள நோட்டு. உள்ளே தாள்களே இல்லை. ஸ்கேல் வைத்துக் கிழித்ததில் தையலோரம் விரற்கடை அகலத்துக்கு அடித்தாள்கள் மட்டும் நின்றன. புரட்டிக்கொண்டே போனேன். கடைசிக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு தாள் முழுசாக இருந்தது. அதில் என் பெயர், ஒரு மின்னஞ்சல் முகவரி, அதன் பாஸ்வேர்டு. அதற்குக் கீழே சிவப்பு மையில் புதிதாக எழுதியிருந்தது: "கடையைக் காலி செய்கிறேன். நீ மட்டும்தான் இன்னும் வாங்கவில்லை."

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் உத்தமபாளையத்தில் நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ராயப்பன்பட்டியிலிருந்து காலை டவுன் பஸ்ஸில் வருவேன். அடுத்த கடை பாயுடையது. போன் விற்பார், ரீசார்ஜ் போடுவார், ரிப்பேர் பார்ப்பார். பெரிய போன்கள் எங்கள் பக்கம் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. வாங்குகிறவருக்குப் போன் வேண்டும். போனுக்கோ ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும். திராட்சைத் தோட்டத்துக்காரருக்கும் ஏலக்காய் பொறுக்கப் போகிறவருக்கும் அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. பாயே முகவரி உண்டாக்குவார், பாயே பாஸ்வேர்டு வைப்பார், அதை இந்த நோட்டில் ஆளுக்கு ஒரு தாளில் எழுதி வைப்பார். மறந்துபோனவர்கள் வந்து கேட்டால் எதிர்த்தாளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவரவர் தாளை மட்டும் காட்டுவார். அக்கம்பக்கத்து ஊர்களின் சாவியெல்லாம் ஒரு கடையின் மேசையறையில் கிடந்தது. அதில் தப்பு என்று எனக்கோ அவருக்கோ வேறு யாருக்குமோ தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் செல்போன் கடை என்றால் அப்படித்தான்.

பாய் பத்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் குமுளியில் சில வருடம் கடையில் வேலை பார்த்ததில் மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிப்பார். தமிழ்ப் பேப்பர் ஒன்று, குமுளி பஸ்ஸில் வரும் மலையாளப் பேப்பர் ஒன்று, இரண்டையும் விரித்து வைத்து டெலிபோன், இன்டர்நெட் சேதி எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்துவிடுவார். தினமும் ஒரு வெள்ளைத் தாளில் சேதியை நீல மையில் எழுதி, கீழே சிவப்பு மையில் "என் கருத்து" என்று போட்டு, கடைக் கண்ணாடியில் ஒட்டுவார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் படிப்பார்கள், சிரிப்பார்கள், சண்டைக்கும் வருவார்கள். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கியதாக வந்த நாளில் அவர் எழுதியது இன்னும் ஞாபகமிருக்கிறது: "நாலு கடை இருந்தா வெல கேக்கலாம். ரெண்டு கடை இருந்தா அவுகளே பேசிக்கிடுவாக." இப்போது எல்லாக் கம்பெனியும் ஒரே வாரத்தில் சொல்லி வைத்தாற்போல் கட்டணம் ஏற்றும்போதெல்லாம் அந்தச் சிவப்பு எழுத்து என் கண்முன் வந்து நிற்கிறது.

தில்லியில் ஓர் ஆணையம் இருக்கிறது, அது தொலைபேசிக் கம்பெனிகளைக் கட்டி மேய்க்கிறது, புது விதி போடுமுன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது என்பதையெல்லாம் எனக்குச் சொன்னது பாய்தான். யார் வேண்டுமானாலும் எழுதலாமா என்று நான் நம்பாமல் கேட்டேன். எழுதலாம் என்றார். அவருடைய முதல் கடிதம் கூடலூர் டவரைப் பற்றியது. கூடலூரைத் தாண்டி லோயர்கேம்ப் போனால் நம் போன் மலைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு, கேரளம் உங்களை வரவேற்கிறது என்று சொல்லி வெளிமாநிலக் கட்டணம் பிடிக்கும். நாம நம்ம ஊர்லதான நிக்கிறோம், டவர் வந்து நம்மளப் புடிச்சா அதுக்கு நாமளா பொறுப்பு என்று கேட்டு எழுதச் சொன்னார். நான் அதை இங்கிலீஷில் ஒப்பேற்றினேன். கடிதம் கிடைத்தது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. மனிதர் அதை என்னிடமே லேமினேஷன் போட்டு வாங்கிக்கொண்டு போனார். "படிச்சிருக்காக பாத்தியா? அங்கன ஒக்காந்து ஒருத்தரு படிச்சிருக்காரு. அவரு எப்பிடி இருப்பாரு? டீ குடிச்சிக்கிட்டே படிப்பாரா?" என்று அன்று முழுக்க இதே பேச்சு. "பதில் மெஷின் அனுப்பியிருக்கும், போய்ச் சோலியப் பாருங்க பாய்" என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகுதான் அந்த இலவச இன்டர்நெட் விவகாரம் வந்தது. ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனியும் இங்குள்ள ஒரு தொலைபேசிக் கம்பெனியும் சேர்ந்து, தாங்கள் பொறுக்கி எடுத்த சில தளங்களை மட்டும் ஏழைகளுக்கு இலவசமாகக் காட்டுகிறோம் என்றார்கள். ஆணையம் வழக்கம்போல் மக்களைக் கேட்டது. பாய் கொதித்துப் போனார். எதைப் பார்க்கலாம் என்பதை அவன் முடிவு செய்தால் அது எப்படி இன்டர்நெட் ஆகும் என்று கண்ணாடியில் மூன்று நாள் தொடர்ந்து எழுதினார். எனக்கு அவரைவிட ஆத்திரம். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அது ஊரறிந்த விஷயம். அவருடைய எதிர்ப்புக் கடிதத்தை நான் டைப் அடித்தபோது அவர் சொல்லாத நாலு வார்த்தையையும் சேர்த்தே அடித்தேன். கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

கோம்பையிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போகும் ஓர் அக்கா, ஒருநாள் மத்தியானம் தன் போனைக் கொண்டுவந்தார். மகள் கோட்டயத்தில் நர்சிங் படித்தாள். அவள் மின்னஞ்சலில் அனுப்பிய ஏதோ சான்றிதழை எடுத்துத் தரும்படி பாயிடம் கேட்டார். பாய் நோட்டைப் பார்த்துத் திறந்தார். சான்றிதழுக்கு மேலேயே ஓர் இங்கிலீஷ் கடிதம் கிடந்தது. என்னைக் கூப்பிட்டார். நான் படித்தேன். இலவசத் திட்டத்தை நான் ஆதரிக்கிறேன் என்று, அந்த அக்கா பெயரில், ஆணையத்துக்குப் போன கடிதத்தின் நகல் அது. அக்காவுக்கு அப்படி ஓர் ஆணையம் இருப்பதே தெரியாது. பாய் என் போனையும் பார்க்கச் சொன்னார். அதுவும் அவர் கடையில் வாங்கியதுதான். திறந்து பார்த்தேன். என் பெயரிலும் ஆதரவுக் கடிதம் போயிருந்தது.

எப்படி என்று புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. ரீசார்ஜுக்கோ ரிப்பேருக்கோ கடைக்கு வரும் போன்களில் அந்தச் சில வாரங்களாக அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் செயலியிலிருந்து ஒரு கட்டம் வந்து திரையை மறைத்துக்கொண்டிருந்தது. அதை ஒதுக்கினால்தான் வேலை நடக்கும். கூட்டம் நிற்கும்போது யார் படிப்பது? பெரிதாக நீலத்தில் இருந்த பொத்தானை அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பது பாயின் வழக்கம். பொத்தானில் "ஆம்" என்று இருந்தது. அதை அமுக்கினால் போன்காரர் பெயரில் ஆணையத்துக்கு ஆதரவுக் கடிதம் போய்விடும். கண்ணாடியில் அவர் எதிர்ப்பு எழுதி ஒட்டிய அதே நாட்களில், கண்ணாடிக்குப் பின்னால் அவர் விரல் ஊராருக்கெல்லாம் சேர்த்து ஆதரவு சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

மற்றவர்களுடையதையும் திறந்து பார்த்துவிடலாமே, நோட்டுத்தான் இருக்கிறதே என்றேன். பாய் நோட்டை மூடி மேசையறையில் வைத்துப் பூட்டினார். கேட்காமல் செய்தது ஒரு தடவை போதும் என்றார். மறுநாள் கண்ணாடியில் நீல மையில் இப்படி இருந்தது: "இந்தக் கடையில் போன் கொடுத்தவர்கள் பெயரில், அவர்களைக் கேட்காமல், கடைக்காரர் ஒரு கம்பெனிக்கு ஆதரவாகக் கடிதம் போகச் செய்திருக்கிறார்." கீழே சிவப்பில் "என் கருத்து" என்று மட்டும் இருந்தது. அதன்கீழ் ஒன்றும் எழுதவில்லை. கிழித்துப் போடுங்கள், தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று நான் கத்தினேன். நான் பயந்தபடியே ஆயிற்று. பாஸ்வேர்டெல்லாம் பாய்கிட்ட இருக்காம், என்னென்ன பண்ணினாரோ என்று பேச்சுக் கிளம்பியது. பாதிப்பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள். அந்தத் தொழிலில் நம்பிப் போனைக் கையில் கொடுப்பதுதான் முதல். அது போனால் கண்ணாடி அலமாரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கு அது நன்றாகவே தெரியும்.

வந்தவர்களிடம் அவர் ஒன்றுதான் செய்தார். விஷயத்தைச் சொல்லி, இரண்டு பக்கத்து நியாயத்தையும் சொல்லி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்பார். சொன்னதை நான் டைப் அடித்து அவர்கள் முகவரியிலிருந்தே அனுப்ப வேண்டும். பிறகு புது பாஸ்வேர்டு அவர்களையே போடச் சொல்லி, அது தன் கண்ணில் படாதபடி திரும்பி நின்றுகொள்வார். நோட்டில் அவர்கள் தாளை ஸ்கேல் வைத்துக் கிழித்துக் கையில் கொடுப்பார். நிறையப் பேர் அந்தத் திட்டம் வேண்டாம் என்றார்கள். சிலர் இதென்ன தொந்தரவு என்று எரிந்து விழுந்தார்கள். ஜீப் அக்கா வந்தபோது பாய் அரைமணி நேரம் விளக்கினார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு வேணும் பாய். மக கூடப் பேச அது ஒண்ணு ஓசியா வந்தாப் போதும். மத்ததெல்லாம் நான் எங்க பாக்கப் போறேன்?" என்றார். பாய் என் பக்கம் திரும்பி, அப்படியே அடி என்றார்.

நான் மாட்டேன் என்றேன். இவ்வளவும் செய்துவிட்டு அதே ஆதரவுக் கடிதத்தை என் கையால் திரும்ப அனுப்பவா என்று கீபோர்டைத் தள்ளினேன். பாய் சத்தம் போடவில்லை. மெஷின் எழுதின ஆமாவும் இந்தம்மா சொல்கிற ஆமாவும் ஒன்றா என்று மட்டும் கேட்டார். நான் அடித்தேன், ஆனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அடித்தேன். அக்கா போனதும், அடுத்து உன்னுடையது என்றார். என் கருத்துத்தான் ஊருக்கே தெரியுமே, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

"தெரிஞ்சதுதானேன்னு நெனச்சுத்தான எல்லாருக்கும் அமுக்குனேன். நீ வாயால சொல்லு தங்கச்சி."

வேண்டாம் என்று சொன்னேன். ஊரெல்லாம் கேட்கக் கத்தியவளுக்கு அந்த ஒரு சொல்லை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தது. தாளைக் கிழித்து நீட்டினார். நோட்டிலேயே இருக்கட்டும், எனக்கு யார் ஞாபகம் வைப்பது என்று சொல்லி, பாஸ்வேர்டையும் மாற்றாமல் தாளையும் வாங்காமல் போய்விட்டேன். கோபம் முழுக்கத் தணியவில்லை என்பதும் ஒரு காரணம். அதனால்தானோ என்னவோ, கிழித்த ஓரத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார். போன வாரம்தான் அதைக் கவனித்தேன்.

ஆணையம் கடைசியில் அந்தத் திட்டம் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பாய் அதை நீல மையில் எழுதி ஒட்டினார். சிவப்பில் கொண்டாட்டமாக என்னவாவது இருக்கும் என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். "ஜீப்பில் போகும் அக்காவுக்கு இது வருத்தம்" என்று மட்டும் எழுதியிருந்தார். போனவர்களில் முக்கால்வாசிப் பேர் மெல்லத் திரும்பி வந்தார்கள். நான் கல்யாணமாகிப் பெரியகுளம் வந்துவிட்டேன். எங்கள் கடிதங்களை அங்கே உண்மையில் யார் படித்தார்கள், அக்காவின் கடிதத்தை வேறு ஆயிரம் கடிதத்திலிருந்து பிரித்து யாராவது பார்த்தார்களா என்று இன்றைக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான்.

நோட்டு வந்த அன்று மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்கக்கேட்டைச் சொல்லத்தான் வேண்டும். போன் வாங்கியபோது பாய் வைத்த பாஸ்வேர்டைத்தான் அதுவரை வைத்திருந்தேன். அதை மாற்றினேன். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இந்த மையத்தில் நாள் முழுக்க ஊரார் போன் என் கையில்தான் இருக்கிறது. ஓடிபி பார்க்க நீட்டுவார்கள், நான் வாங்குவேன், திரையை மறைக்கிறதை அமுக்கித் தள்ளுவேன், எண்ணைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பேன். எத்தனை பேருக்கு எத்தனை ஆம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சாப்பாடு முடிந்து முதலில் வந்தவர் வடுகபட்டி விவசாயி ஒருவர். பட்டா நகலுக்காக வந்திருந்தார். மேசையில் கிடந்த நீல நோட்டின் மேல் போனை வைத்துத் தள்ளினார். ஓடிபிக்கு முன்னால் அவருடைய போன் கம்பெனியின் கட்டம் ஒன்று வந்து நின்றது. விரல் போய்விட்டது. இழுத்துக்கொண்டேன். "ஐயா, ஒங்க நம்பர வேற கம்பெனிகளுக்குக் குடுக்கலாமான்னு கேக்குறாக. என்ன சொல்லட்டும்?" என்றேன். ஏதாவது ஒன்றை நீங்களே அமுக்குங்கள் என்றார். இல்லை, நீங்கள் வாயால் சொல்லுங்கள் என்றேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் போனைக் கையில் எடுத்து, தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"குடுத்தா என்ன பண்ணுவாக?"

"எனக்கும் தெரியலய்யா."

"அப்பறம் எதுக்குத் தாயி? வேணாம்."

வேண்டாம் என்ற பொத்தான் மூலையில் சின்னதாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. தேடித்தான் கண்டுபிடித்தேன். இத்தனை வருடத்தில் அடுத்தவர் போனில் நான் அதை அமுக்கியது அதுதான் முதல் தடவை.