பேக்கரிக்காரி

என் உடுப்பில் பாண் மணக்கும். எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. இந்த மணத்தை வைத்துத்தான் என் மகள், தான் கட்டப்போகிற பையனின் வீட்டில் என்னைப் பேக்கரிக்காரி ஆக்கினாள்.

நான் வேலை செய்வது ஜெர்மனியின் தெற்கே, காட்டு மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு விஸ்கி வடிசாலையில். மகள் ஒருநாள் போனில் சொன்னாள்:

“அம்மா, கோவிக்காதேங்கோ. நீங்கள் பேக்கரியில வேலை எண்டு அவையிட்டச் சொல்லிப்போட்டன்.”

“ஏனடி? நான் என்ன, கள்ளக் கசிப்பே காய்ச்சிறன்?”

“அவை சைவமான ஆக்களம்மா. விஸ்கி எண்டு எப்பிடிச் சொல்லுறது? உங்கட உடுப்பில பாண்தானே மணக்குது. ஒருத்தருக்கும் சந்தேகம் வராது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் பல் வைத்தியத்துக்குப் படித்தது எந்த வேலையாலாம்? இவளுடைய அப்பா மாரடைப்பில் போனபோது இவள் பள்ளிக்கூடம்கூடப் போகத் தொடங்கவில்லை. எனக்கு அப்போது டொச் பாஷை இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. பேக்கரியிலும் போய்க் கேட்டேன்தான். கையை விரித்துவிட்டார்கள். வா என்று சொன்னவர் இந்த வடிசாலைக்காரர் ஒருவர்தான்.

அவருடைய குடும்பம் பரம்பரையாகச் செர்ரிப் பழத்தில் சாராயம் வடித்தது. இவர் இளவயதில் ஸ்கொட்லாந்துக்குப் போய், விஸ்கிப் பைத்தியம் பிடித்துத் திரும்பி வந்தார். பழச்சாராயத்தை விட்டுவிட்டுப் பார்லி மூட்டைகளை இறக்கினார். ஊரே சிரித்ததாம். இப்போது அதே ஊர் சனம் விருந்தாளிகளை அழைத்துவந்து, எங்கள் செம்புக் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறது.

முதலில் தரை கழுவத்தான் போனேன். பிறகு தானியம் புரட்டுகிற மரச் சவளைக் கையில் தந்தார். ஊறவைத்த பார்லியைத் தரையில் பரப்பி, முளை விட விட்டு, வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாதபடி புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இடுப்பு முறிகிற வேலை. முளைத்ததைப் புகையில் காயவைத்து, அரைத்து, சுடுநீரில் ஊறவைத்தால் இனிப்புச் சாறு இறங்கும். அதை மரத்தொட்டியில் விட்டு ஈஸ்ட் போட்டால் நுரைத்துப் பொங்கும். அங்கேதான் இந்தப் பாண் மணம் ஆளைப் பிடித்துக்கொள்கிறது.

புளித்த சாற்றைச் செம்புக் கொதிகலனில் இரண்டு தரம் வடிப்போம். இரண்டாம் வடிப்பில் முதலில் வருவது நகப்பூச்சு மாதிரி மூக்கில் அடிக்கும், அது ஆகாது. கடைசியில் வருவது நனைந்த சப்பாத்து நாற்றம், அதுவும் ஆகாது. நடுவில் வருவதுதான் ஓக் பீப்பாய்க்குப் போகும். மூன்று வருடமாவது அங்கே கிடந்தால்தான் சட்டப்படி அதற்கு விஸ்கி என்று பெயர். நடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பது இப்போது என் வேலை. மணந்து பார்ப்பேன், நாக்கில் வைப்பேன், துப்புவேன். இத்தனை வருடத்தில் ஒரு மிடறு விழுங்கியதில்லை. பீப்பாயிலிருந்து கொஞ்சம் காற்றோடு போய்விடும். அதைத் தேவதைகள் குடிப்பதாக முதலாளி சொல்வார். எங்கள் ஆட்களைப் போல மறைவில் குடிக்கிற தேவதைகள்!

நிச்சயம் பேச நாள் வைத்தார்கள். மாப்பிள்ளையின் தாய் போன் எடுத்தார்.

“சம்மந்தி, கேக்கை உங்கட பேக்கரியிலேயே செய்து கொண்டு வாங்கோவன். ஆசையாயிருக்கு.”

அட கடவுளே! டவுனில் ஒரு கேக் வாங்கி, கடைப்பெயர் ஒட்டியிருந்த பெட்டியை எறிந்துவிட்டு, வீட்டுத் தட்டில் மாற்றி வைத்துக் கொண்டுபோனேன்.

சாமிப்படத்துக்கு விளக்கேற்றி, வாழையிலையில் மரக்கறிச் சாப்பாடு நடந்தது. சாப்பிட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் தகப்பன் அலுமாரியைத் திறந்து ஒரு போத்தலை எடுத்தார். எங்கள் வடிசாலைப் போத்தல். சைவமான ஆக்களாம், கண்டறியாத சைவம்!

கிளாஸில் ஊற்றியதுமே மணம் வந்துவிட்டது. அப்பிள் தோலும் லேசான புகையும். நான் பிரித்தெடுத்த நடுப்பகுதி. என் பிள்ளையின் குரல் மாதிரி எனக்கு அது தெரியும்.

“இது உங்கட பக்கத்துச் சாமான், சம்மந்தி,” என்றார். “ஸ்கொட்லாந்துக்காரன் பிச்சை வாங்க வேணும். இதை வடிக்கிற கைக்குத் தங்கக் காப்புப் போடலாம். உந்த இடம் உங்களுக்குத் தெரியுமோ?”

என் இரண்டு கையும் மேசையில்தான் கிடந்தன. கேக் வெட்டக் கத்தியோடு நின்ற மகளைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. சொல்லடி, ஒரு வார்த்தை நீயே சொல்லடி என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

“எனக்கு உதுகள் தெரியாது அண்ணை,” என்றேன். “நான் பாணும் பணிசும் எண்டு நிக்கிறனான்.”

மகள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. உடனே முகம் மலர்ந்து, பெரிய துண்டாக வெட்டி, “அம்மா தன்ர கையால செய்த கேக்,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி என் வாயில் ஊட்டினாள்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துப்ப முடியவில்லை, விழுங்கினேன்.